அறுபதில் வைத்தும் கேட்கவில்லை

அத்தியாயம் 11

போன வாரம் இந்த வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். எனக்கு அப்போதே சந்தேகம்.

ஹால் மேசையில் கிடந்த ரிமோட்டுகள் எல்லாம் ஒரு துணிப்பைக்குள் போய், அவற்றின் இடத்தில் ஒரே ஒரு புது ரிமோட் வந்து உட்கார்ந்தது. டிவி, டிவிக்குக் கீழே நீளமாகக் கிடக்கும் ஸ்பீக்கர், செட்டாப் பெட்டி, ஏசி, மின்விசிறி, அத்தனைக்கும் இது ஒன்றே போதும். வாங்கி வந்தவன் மகன். அம்மா அதைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்து வீடு, எதிர் வீடு, மாடி வீடு என்று ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "என் பிள்ளை எனக்குன்னு தேடித் தேடி வாங்கினான்" என்று சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலிக்கவே இல்லை.

தேடித் தேடித்தான் வாங்கினான். எதைத் தேடினான் என்பதுதான் விஷயம்.

இவனுக்கு வீட்டில் பெயர் புறா. சின்ன வயதில் அம்மாவும் அப்பாவும் பேசிக்கொள்ளாத நாட்களில் நடுவில் சேதி கொண்டுபோனவன். அங்கே சொன்னதை இங்கே அப்படியே சொல்லமாட்டான். முள்ளை எடுத்துவிட்டு, கொஞ்சம் சர்க்கரை தூவித்தான் சொல்லுவான். அப்பா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. பெயரும் பழக்கமும் நிலைத்துவிட்டன.

இப்போது வீட்டில் உட்கார்ந்தபடியே கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறான். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ராத்திரி டியூட்டி முடித்துக் காலையில் வந்து படுப்பாள். படுக்கையறைக்கும் ஹாலுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அம்மாவோ மத்தியானம் வேலைக்குக் கிளம்புகிறவரை டிவியை அலறவிடுவார்.

"அத்தைகிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லுங்க. நான் சொன்னா வேற மாதிரி ஆயிடும்" என்று மருமகள் கேட்டாள்.

"சொல்லிட்டேன். அம்மா புரிஞ்சுக்கிட்டாங்க" என்றான் அடுத்த நாள்.

சொல்லவில்லை. கடைக்குப் போனான்.

டிவியின் சொந்த ஸ்பீக்கர் எப்போதோ செத்துப்போனது. சத்தம் வருவதெல்லாம் கீழே கிடக்கும் நீள ஸ்பீக்கரிலிருந்துதான். புது ரிமோட்டிலோ எந்தப் பொத்தான் என்ன வேலை செய்ய வேண்டும் என்பதை நாமே சொல்லிக்கொடுக்கலாம். புறா, நீள ஸ்பீக்கரைத் தணிவாக வைத்துவிட்டு, சத்தத்தைக் கூட்டும் பொத்தானை அந்தச் செத்த ஸ்பீக்கரோடு இணைத்துவிட்டான். அமுக்கினால் திரையில் எண் ஏறும். முப்பது, நாற்பது, ஐம்பது. சத்தம் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையாது.

எண் ஏறுவதைப் பார்த்தாலே அம்மாவுக்கு மனசு நிறைந்துவிடும் என்று கணக்குப் போட்டான். மனைவிக்குத் தூக்கம், அம்மாவுக்குப் பரிசு, யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. தன் சாமர்த்தியத்தை நினைத்து அவனே ஒருமுறை சிரித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

இன்று காலையில் அந்தச் சிரிப்பு போனது.

"இங்க வா, கொஞ்சம் உக்காரு" என்றார் அம்மா.

திரையில் செய்தி வாசிக்கும் பெண் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கீழே அறுபது என்று எண் தெரிந்தது. அம்மா ரிமோட்டை மடியில் வைத்திருந்தார்.

"உனக்கு இது எப்படிக் கேக்குது?"

"ம். கேக்குதும்மா."

"நல்லாக் கேக்குதா?"

"கேக்குது."

"எனக்குக் கேக்கலைடா. முன்னெல்லாம் இருபத்தஞ்சு வச்சாலே கூரை பிச்சுக்கும். இப்ப அறுபதுல வச்சிருக்கேன். யாரோ அடுத்த ரூம்ல பேசற மாதிரி இருக்கு." அம்மா டிவியை அணைத்தார். "காது போயிடுச்சு எனக்கு."

புறா டீ டம்ளரை மேசையில் வைத்தான். வைத்த இடம் சரியில்லை என்று மறுபடி எடுத்து வைத்தான்.

"கொஞ்ச நாளாவே சந்தேகம். நேத்து உன் பொண்டாட்டி என் கையப் பிடிச்சுக்கிட்டு, 'ரொம்ப நன்றி அத்தை, உங்களை மாதிரி யாரும் இருக்கமாட்டாங்க'ன்னு சொல்லிட்டுப் படுக்கப் போயிட்டா. எதுக்கு நன்றின்னு எனக்குப் புரியலை. முன்னாடி ஏதோ சொல்லியிருப்பா, எனக்குத்தான் கேக்கலைன்னு நினைச்சுக்கிட்டேன். திருப்பிக் கேக்க வெக்கமா இருந்துச்சு."

அம்மாவின் வேலை என்னவென்று தெரிந்தால்தான் இந்த வெட்கத்தின் எடை தெரியும். ஆம்புலன்ஸ் கன்ட்ரோல் ரூமில் போன் எடுப்பவர் அவர். அழுகிறவர்கள், மூச்சு வாங்குகிறவர்கள், பயத்தில் சொந்தத் தெருவின் பெயரே மறந்துபோனவர்கள், இவர்களெல்லாம் முனகுவதை முதல் தடவையிலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். "மறுபடி சொல்லுங்க" என்று அம்மா கேட்டு அந்த அறையில் யாரும் பார்த்ததில்லை. டிரைவர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு, அந்தம்மா குடுத்த அட்ரஸ்னா கண்ணை மூடிக்கிட்டு வண்டியத் திருப்பலாம் என்று. வாழ்க்கையில் அம்மா பெருமைப்படுவது அந்த ஒன்றுக்காகத்தான். சமீபத்தில் ரிமோட்டும் சேர்ந்துகொண்டது.

"அங்க போன்ல கேக்குதுல்ல?" என்றான் புறா, கையில் கிடைத்த கயிற்றைப் பிடிக்கிறவனாக.

"கேக்கற மாதிரிதான் இருக்கு. ஆனா நானே கேட்டுக்கறேனா, பழக்கத்துல ஊகிக்கறேனான்னு இப்ப பயம் வந்துடுச்சு. ஒரு எழுத்து மாறினா வண்டி வேற தெருவுக்குப் போயிடும். அங்க ஒரு உசிரு காத்துக்கிட்டிருக்கும்." அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடலாம்னு இருக்கேன். என்னைப் போன்ல உக்கார வைக்காதீங்கன்னு. மத்தவங்க கண்டுபிடிச்சு சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிட்டா மரியாதை. நீ என்னடா நினைக்கிற?"

வாசகர்களே, இதைவிட நல்ல இடம் ஒருத்தனுக்கு வாழ்க்கையில் கிடைக்குமா? அம்மா கேட்கிறார், ஹாலில் வேறு யாருமில்லை, மனைவி உள்ளே தூங்குகிறாள். 'உன் காதுக்கு ஒண்ணும் இல்லம்மா, நான் ரிமோட்ல ஒரு வேலை பண்ணிட்டேன்' என்று ஒரு வாக்கியம். அவ்வளவுதான்.

வாக்கியம் தொண்டைவரை வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அந்த முகம் எப்படி மாறும் என்று நினைத்தான். வந்தது திரும்பிப் போய்விட்டது.

"ஒண்ணும் அவசரப்படாதம்மா" என்றான் தரையைப் பார்த்து.

அம்மா அவனையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி. பெரியம்மா காத்துக்கிட்டிருப்பா. கிளம்பு. அவளுக்கும் இதே ரிமோட்தான் வேணுமாம். நீதான் வந்து தேர்ந்தெடுத்துத் தரணுமாம்."

குளிக்கும்போது புறாவுக்கு ஒரு வழி தோன்றியது. சாயங்காலம் அம்மா வேலையில் இருக்கும்போது பொத்தானைப் பழையபடி மாற்றிவிடலாம். ராத்திரி அம்மா வந்து அமுக்கினால் சத்தம் ஏறும். 'காதுல அடைப்பு இருந்திருக்கும்மா, விட்டுடுச்சு' என்று சொல்லிவிடலாம். சூப்பர்வைசரிடம் இன்று ஒன்றும் சொல்லாமல் மட்டும் அம்மாவைத் தடுக்க வேண்டும். அழுக்குத் துணியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு வீடு சுத்தமாகிவிட்டது என்று நம்புகிற ஜாதி இவன். அவன் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அம்மா வாசலில் நின்று யாருடனோ போனில் பேசி முடித்துக்கொண்டிருந்தார்.

கடையில் ஒரு சுவர் முழுக்க டிவிகள். எல்லாமே ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றில் கார் பந்தயம், ஒன்றில் யானைக் கூட்டம், ஒன்றில் ஒருத்தர் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். எல்லாச் சத்தமும் ஒன்றாகக் கலந்து மண்டைக்குள் இறங்கியது. பெரியம்மா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டே உள்ளே நுழைந்தார். பின்னால் அம்மாவும் புறாவும்.

பெரியம்மா என்றால் அம்மாவின் அக்கா. தங்கை வீட்டில் ஒரு ஸ்பூன் புதிதாக வந்தாலும் தன் வீட்டில் அதே ஸ்பூன் வந்தாக வேண்டும். மற்றபடி தங்கமான மனுஷி.

கடையில் இருந்த பெண் சுறுசுறுப்பானவள். முதலில் ஒரு கண்ணாடி முகம் வைத்த ரிமோட்டை எடுத்து நீட்டினாள். "இது டச் ஸ்கிரீன்மா. தொட்டாலே போதும்."

பெரியம்மா தொட்டுப் பார்த்தார். "அமுக்கினா அமுங்கற மாதிரியே இல்லையே. நான் அமுக்கினேனா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப இதைப் பாருங்க. ரிமோட்டே வேணாம். இந்தச் சின்ன டப்பாவ டிவி பக்கத்துல வச்சுட்டா உங்க போன்லயே எல்லாத்தையும் பண்ணலாம்."

"போன எங்க வச்சேன்னு தேடவே எனக்கு இன்னொரு போன் வேணும். எங்க புறா வாங்கினானே, அது எது?"

கடைப்பெண் கீழ்த்தட்டிலிருந்து அதை எடுத்தாள். உயரமான பொத்தான்கள், கைக்கு அடக்கம், இருட்டில் வெளிச்சம் வரும். "இது கத்துக்கற ரிமோட்மா. உங்க பழைய ரிமோட்டையும் இதையும் மூக்கோட மூக்கு வச்சு, அதுல ஒரு பொத்தானை அமுக்கினா இது கத்துக்கும். ஒரே பொத்தான்ல டிவி, பெட்டி, ஸ்பீக்கர் எல்லாம் வரிசையா ஆன் ஆகற மாதிரியும் பண்ணலாம். எந்தப் பொத்தானுக்கு எந்த வேலைன்னு நீங்க சொல்றதுதான்."

"சொன்னதைக் கத்துக்குமா?" பெரியம்மா பெருமூச்சு விட்டார். "என் பிள்ளைங்களுக்கு இப்படி ஒரு பொத்தான் இல்லாம போச்சே."

அம்மா சிரித்தார். காலையிலிருந்து முதல் சிரிப்பு. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, வேறு நிறம் இருக்கிறதா என்று பார்க்க அலமாரியின் கடைசிக்கு நடந்தார். அங்கேதான் ஒரு பெரிய டிவியில் யானைகள் பிளிறிக்கொண்டிருந்தன.

கடைப்பெண் புறா பக்கம் திரும்பினாள். அவளுக்கு அவனை நன்றாக நினைவிருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "சார், அந்த சவுண்ட் விஷயம் சரியா வந்துச்சா? நம்பர் மட்டும் ஏறணும், சத்தம் ஏறக்கூடாதுன்னு கேட்டீங்களே."

புறா அவசரமாகத் தலையாட்டினான். "வந்துச்சு, வந்துச்சு."

"குழந்தை ஏமாந்துச்சா? வீட்ல ஒரு குழந்தை இருக்கு, சொன்னாக் கேக்காது, சத்தத்தை ஏத்திக்கிட்டே இருக்கும்னு சொன்னீங்க. பாவம், கண்டுபிடிச்சிருக்குமோன்னு நினைச்சேன்."

"இல்ல. கண்டுபிடிக்கல."

சுவர் முழுக்க இரைச்சல். அம்மா அந்தக் கோடியில். கேட்க வாய்ப்பே இல்லை என்றுதான் அவன் நினைத்தான்.

அம்மா அங்கே ஒரு வெள்ளை ரிமோட்டைக் கையில் வைத்திருந்தார். மெதுவாக அதைத் தட்டில் வைத்தார். பிறகு திரும்பி நடந்துவந்தார். கடைப்பெண்ணின் எதிரே வந்து நின்று, அவள் தோளில் கை வைத்தார்.

"எங்க வீட்ல குழந்தை இல்லையேம்மா" என்றார். "அது நான்தான்."

அந்தப் பெண்ணுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் முகம் விழுந்துவிட்டது. "அம்மா, நான் சும்மா…"

"உன் மேல தப்பில்ல. நீ கேட்டதைக் குடுத்த."

புறாவுக்குக் காது மடல்கள் சுட்டன. வெட்கத்தில் மண்ணுக்குள் புதைந்துவிடலாம் என்று சொல்லுவார்கள். கடைத் தரையில் வழுவழுவென்று டைல்ஸ் போட்டிருந்தார்கள். அதற்கும் வழியில்லை. அம்மா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யானைகளைத் தாண்டி, கார்களைத் தாண்டி, திட்டுகிற ஆளைத் தாண்டி, தாழ்ந்த குரலில் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் அந்தக் காதில் விழுந்திருந்தது. காதில் ஒரு குறையும் இல்லை. அது இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. ஆனால் அதற்காகச் சந்தோஷப்படும் நிலையில் இருவருமே இல்லை.

"என்ன ஆச்சு?" என்று கேட்டபடி பெரியம்மா வந்து சேர்ந்தார். "என்ன சொல்றா அந்தப் பொண்ணு?"

அம்மா ஒரு நொடி யோசித்தார்.

"ஒண்ணுமில்லக்கா. புறா வாங்கினது ரொம்ப நல்ல மாடலாம். அதையே எடுத்துக்கோ" என்றார் அம்மா. பிறகு கடைப்பெண்ணிடம், "அக்கா வீட்டுக்கு ஆளை அனுப்பி நீங்களே சொல்லிக்கொடுத்துடுங்க. கூட்டுற பொத்தானை அமுக்கினா சத்தம் கூடணும். அது போதும்" என்றார்.

காட்டிக்கொடுத்திருந்தால் தேவலாம் என்று அவனுக்கு இருந்தது.

காரில் அம்மா முன் இருக்கையில். பெரியம்மா பின்னால் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அதில் எழுதியிருந்ததையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்து முடிந்ததும் புறாவைப் பற்றி ஆரம்பித்தார்.

"குடுத்துவச்சவ நீ. அம்மாவுக்கு ஒரு கஷ்டம்னா இவன் எப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்யறான். என் வீட்லயும் இருக்கானுங்களே. போன் பண்ணா எடுக்கறதில்ல."

"ஆமாக்கா" என்றார் அம்மா.

"அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டான். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்."

"ஆமாக்கா. ஒரு வார்த்தை பேசமாட்டான்."

சிக்னலில் சிவப்பு விழுந்தது. புறா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தான். பெரியம்மா முன்னால் குனிந்து அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டு ஒவ்வொன்றும் அவனுக்கு அறையாக விழுந்தது.

பெரியம்மாவை வீட்டில் இறக்கிவிட்டதும் காருக்குள் பேச்சு நின்றது. அம்மா ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டார். பிறகு இறக்கினார். கன்ட்ரோல் ரூம் இருக்கும் கட்டடத்தின் வாசலில் கார் நிற்கும்வரை அவன் பக்கம் திரும்பவில்லை. உள்ளே ஆம்புலன்ஸ் வண்டிகள் வரிசையாக நின்றன. ஒரு டிரைவர் பக்கெட்டில் தண்ணீர் வைத்துக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்ததும் கையைத் தூக்கினார்.

"அம்மா, நான் வேணும்னு பண்ணலை" என்றான் புறா.

"வேணும்னுதான் பண்ணியிருக்க. கடைக்குப் போயி, இது வேணும்னு கேட்டு வாங்கியிருக்க."

"நீ வருத்தப்படுவேன்னு நினைச்சேன்மா. அவளுக்குத் தூக்கம் கெடுது. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு…"

"'சத்தமா இருக்கும்மா, கொஞ்சம் குறை.' இதுல எந்த வார்த்தை உனக்கு வராது?"

அவன் ஸ்டியரிங் உறையை நகத்தால் கீறினான்.

"நான் என்ன கத்தியிருப்பேனா? அந்தப் பொண்ணு விடிய விடிய நின்னுட்டு வந்து படுக்குது. எனக்கும் ஷிஃப்ட் வேலைதானே, எனக்குத் தெரியாதா? நீ சொல்லியிருந்தா அன்னைக்கே அணைச்சிருப்பேன்." அம்மாவின் குரல் உயரவே இல்லை. "அதுக்குப் பதிலா என்னை என் காதையே நம்ப விடாம பண்ணிட்ட."

"இப்ப தெரிஞ்சுடுச்சுல்லம்மா. சூப்பர்வைசர்கிட்ட ஒண்ணும் சொல்லாத. இன்னைக்கு வழக்கம்போலப் போய் உக்காரு. ஒண்ணுமே நடக்கலைன்னு…"

"காலைலயே சொல்லிட்டேன்."

புறா திரும்பிப் பார்த்தான்.

"நீ குளிச்சிட்டிருந்தப்ப போன் பண்ணிட்டேன். மத்தியானம் நேர்ல சொல்லலாம்னுதான் இருந்தேன். உன்கிட்ட கேட்டேன் பாரு, என்னடா நினைக்கிறன்னு. நீ தரையப் பார்த்த. 'அப்படியெல்லாம் இல்லம்மா'ன்னு ஒரு வார்த்தை சொல்லலை. பிள்ளைக்கே தெரிஞ்சிருக்கு, சொல்ல மனசு வராம தவிக்கிறான்னு நினைச்சேன். அதுக்கப்புறம் எனக்குச் சந்தேகமே இல்லை."

அந்த நேரத்தில் அவன் வாயைத் திறந்திருந்தால் போதும். அதைத்தான் அம்மா சொன்னார், வேறு எதுவும் சேர்க்கவில்லை. புறாவுக்கு அழுகை வந்தது. அழுதால் அதற்கும் அம்மாதான் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும் என்ற நினைப்பில் அதையும் விழுங்கினான்.

"இப்ப என்னம்மா பண்றது?"

"காது டெஸ்ட் பண்ணுவாங்க. பண்ணட்டும், காதுக்கு ஒண்ணுமில்ல. ஆனா அப்புறம் கேப்பாங்க, ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு. என்ன சொல்றது? பிள்ளை ரிமோட்ல வித்தை காட்டினான், நான் நம்பிட்டேன்னு சொன்னா சிரிப்பாங்க. சொல்லலைன்னா, சும்மா உளறிட்டாங்க, வயசாயிடுச்சும்பாங்க. இத்தனை வருஷமா நான் ஒண்ணு சொன்னா அந்த ரூம்ல யாரும் திருப்பிக் கேட்டதில்ல. இனிமே கேப்பாங்க."

"நான் வரேன். உள்ள வந்து நானே சொல்றேன். எல்லார் முன்னாடியும் சொல்றேன், தப்பு என்னுதுன்னு."

நிஜமாகத்தான் சொன்னான். கார் கதவைத் திறந்து ஒரு காலையும் கீழே வைத்துவிட்டான். இந்தத் தொடரில் இதுவரை அவன் எடுத்த முதல் நேரான அடி அது என்று நானும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நீ வேணாம்" என்றார் அம்மா.

"ஏம்மா?"

"நீ வந்தா சூப்பர்வைசருக்கு ஒரு மாதிரி சொல்லுவ. அவர் மூஞ்சி கொஞ்சம் மாறினா வேற மாதிரி சொல்லுவ. வெளியில வந்து எனக்கு இன்னொரு மாதிரி சொல்லுவ. எதை நான் நம்பறது?"

கீழே வைத்த கால் அப்படியே நின்றது. உண்மையைச் சொல்கிறேன் என்று அவன் கையேந்தி நிற்கிறான், அதைக் கொண்டுபோகவும் அவனை நம்ப முடியாது என்கிறார் பெற்றவர். அவன் கோபித்துக்கொள்ளக்கூட முடியவில்லை. குளிக்கும்போது போட்ட திட்டம் அவனுக்கு நினைவிருந்தது.

அம்மா இறங்கினார். சேலையைச் சரிசெய்துகொண்டு, கைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"யாருக்கும்மா?"

"அவளுக்கு. எழுந்திருப்பா இந்நேரம். ஒரு மன்னிப்புக் கேக்கணும்."

"நான் பேசிக்கறேம்மா."

"நீ பேசின வரைக்கும் போதும்" என்று சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டே அம்மா உள்ளே போனார். கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் வழிவிட்டு நின்றார்.

புறா காரிலேயே உட்கார்ந்திருந்தான். போகலாமா, நிற்கலாமா என்றுகூட முடிவெடுக்கத் தெரியவில்லை. டிரைவர் ஒரு கண்ணாடியை முடித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனபோது அவன் போன் அடித்தது. மனைவி.

"அத்தை இப்பதான் பேசினாங்க" என்றாள். தூக்கக் கலக்கம் குரலில் இருந்தது. ஆனால் வார்த்தைகள் தெளிவாக இருந்தன. "டிவி சத்தத்துல உன் தூக்கத்தைக் கெடுத்துட்டேம்மா, எனக்குத் தெரியவே தெரியாது, மன்னிச்சுக்கோன்னு சொல்றாங்க. அழற மாதிரி இருக்கு. நீங்க அன்னைக்கே சொல்லிட்டேன், புரிஞ்சுக்கிட்டாங்கன்னு சொன்னீங்களே?"

புறாவுக்கு நாக்கு வழக்கம்போல வேலை செய்ய ஆரம்பித்தது. 'அம்மா மறந்திருப்பாங்க' என்று ஒன்று வந்தது. 'அது வேற விஷயம், வீட்டுக்கு வந்து சொல்றேன்' என்று இன்னொன்று வந்தது. இரண்டும் பல்லுக்குப் பின்னால் வரிசையில் நின்றன.

"நான் சொல்லவே இல்லை" என்றான். "பொய் சொன்னேன். ரிமோட்டை மாத்தி வச்சுட்டேன், சத்தம் ஏறாத மாதிரி. அம்மா தனக்குக் காது போயிடுச்சுன்னு நினைச்சு, போன் எடுக்கற வேலைய வேணாம்னு சொல்லிட்டாங்க."



"அப்ப நான் நேத்து அவங்க கையப் பிடிச்சு நன்றி சொன்னேனே" என்றாள் மெதுவாக. "பைத்தியக்காரி மாதிரி. அவங்க என்ன நினைச்சிருப்பாங்க? ராத்திரி எத்தனை பேர்கிட்ட, எங்க அத்தை எனக்காக டிவிய குறைச்சு வைக்கறாங்கன்னு பெருமையாச் சொன்னேன் தெரியுமா?"

"தெரியாது."

"நான் டியூட்டிக்குப் போறதுக்கு முன்னாடி அத்தை வரட்டும். நான் அவங்ககிட்ட பேசறேன். நீங்க நடுவுல வராதீங்க."

போன் வைக்கப்பட்டது.

வெட்கப்படுவதில் ஒரு சௌகரியம் உண்டு. நாம் வெட்கப்படுகிறோம் என்பதே நம்மைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்டும். அந்தச் சௌகரியம்கூட இப்போது அவனுக்குக் கிடைக்கவில்லை. தன் வெட்கத்தை யாரும் கேட்கவில்லை, அது யாருக்கும் உதவவுமில்லை. உள்ளே ஒரு கதவுக்குப் பின்னால் அம்மா, அவன் செய்ததற்குத் தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவன் வெளியே வெயிலில் உட்கார்ந்திருக்கிறான்.

அம்மா வெளியே வந்தபோது கக்கத்தில் ஒரு சின்ன மெத்தை இருந்தது. பூப்போட்ட உறை, ஓரம் நைந்துபோனது. தன் நாற்காலியில் போட்டுக்கொள்ள அவரே தைத்தது. வருஷக் கணக்கில் அது அந்த அறையைவிட்டு வெளியே வந்ததில்லை.

புறா காரிலிருந்து இறங்கி ஓடினான். "அம்மா. என்ன சொன்னாங்க?"

அம்மா நடந்துகொண்டே இருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அழுத முகமா, ஜெயித்த முகமா என்று எனக்கே பிடிபடவில்லை.

"மெத்தைய ஏன் எடுத்துட்டு வந்த? மாத்திட்டாங்களா? டெஸ்ட் எப்ப? அம்மா, நில்லும்மா."

வாசலுக்கு எதிரே பஸ் நிறுத்தம். பஸ் வந்துகொண்டிருந்தது. அம்மா அதற்குக் கை காட்டினார்.

"பஸ்ல ஏன் போற? கார் இருக்கு. அம்மா, நான் கேக்கறது…"

பஸ் நின்றது. அம்மா படியில் ஒரு காலை வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடையை விட்டு வந்த பிறகு முதன்முறையாக அவனை நேருக்கு நேர் பார்த்தார்.

"எனக்குத்தான் காது கேக்காதே" என்றார். ஏறி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்.